நாலாவது கேசட்டின் கடைசிப் பாட்டு

முப்பத்தெட்டு ஆண்டுகளாக இந்த மன்றத்தின் முதுகெலும்பாய் நின்று, இன்று முழங்கால் வலியையும் மறந்து மேடையேறி அமர்ந்திருக்கும் அவைத்தலைவர் அண்ணன் சின்னதுரை அவர்களே. கரியாலூரிலிருந்து முதல் பேருந்தைப் பிடித்து, மலைக்குளிரை மடியில் கட்டிக்கொண்டு வந்திறங்கிய தம்பி சடையன் உள்ளிட்ட கல்வராயன் மலைக் கண்மணிகளே. கரும்பு வெட்டும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வந்திருக்கும் மணலூர்பேட்டை மாணிக்கங்களே. "இந்த இரைச்சலைக் கேட்டே என் புருசன் கெட்டான்" என்று திட்டித் திட்டியே ஆண்டுதோறும் எங்களுக்குத் தேநீர் போட்டுத் தந்த தாய்மார்களே. கடைசி வரிசையில், கதவை ஒட்டி, எந்த நேரமும் எழுந்து போகத் தயாராய் அமர்ந்திருக்கும் என் நண்பன் சவரிமுத்து அவர்களே. உங்கள் அனைவருக்கும் இம்மன்றத்தின் செயலாளர், தாலுக்கா அலுவலகத்தில் கோப்பு கட்டிக் கட்டியே தலை நரைத்த கொளஞ்சியப்பனின் கைகூப்பிய வணக்கம்.

என்ன சடையா? மேடை ஓரத்தில் போர்வை போர்த்தி வைத்திருக்கிறதே, அது என்னவென்று கேட்கிறாயா? பொறு. பொறுத்தார் பூமி ஆள்வார். நீ பொறுத்தால் போர்வைக்குள் இருப்பதைப் பார்ப்பாய்.

இந்த ஆண்டு புதிதாய் வந்திருக்கும் மருமக்கள்மாருக்காக ஒரு சொல். எங்கோ இங்கிலாந்திலே, பனி மூடிய துறைமுகத்திலே, ஐந்து பேர் கூடி 'அயர்ன் ஃபெர்ரி' என்று ஒரு ராக் குழுவைத் தொடங்கினார்கள். எழுபது முதல் எழுபத்தொன்பது வரை பத்தே ஆண்டுகளில் ஏழு ஆல்பம் போட்டார்கள். அவர்களுக்குத் திருக்கோவிலூரைத் தெரியுமா? தெரியாது. தென்பெண்ணையைத் தெரியுமா? தெரியாது. அவர்கள் பாடிய இங்கிலீஷ் நமக்குப் புரிந்ததா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள், ஒரு வரியாவது புரிந்ததா? ஆனாலும் நாம் அவர்களுக்கு இரும்போடம் என்று பெயர் வைத்தோம். அட்டைப் படத்தைப் பார்த்து ஆல்பங்களுக்கும் பெயர் வைத்தோம். பாலம் இருந்தால் 'பாலம்'. குடை இருந்தால் 'குடை'. பெற்றவர்கள் வைத்த பெயர் எதுவோ, வளர்த்தவர்கள் நாம் வைத்த பெயர் இது.

எண்பத்துமூன்றாம் ஆண்டு தொடங்கி, ஆற்றுத் திருவிழா முடிந்த மறு ஞாயிறு நாம் இங்கே கூடுகிறோம். ஏழு டம்ளர் வைப்போம். ஆளுக்கொரு புளியங்கொட்டை. பிடித்த ஆல்பத்தின் டம்ளரில் போட வேண்டியது, எண்ண வேண்டியது, வரிசையை அறிவிக்க வேண்டியது. அடுத்த தை வரை அந்த வரிசைதான் சட்டம். அந்தச் சட்டத்துக்காகச் சம்பந்தியோடு பேசாமல் இருந்தவர்கள் இந்த அரங்கத்தில் இருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன், சின்னதுரை அண்ணன் தலையைக் குனிந்துகொள்ள வேண்டியதில்லை.

முப்பத்தேழு முறை எண்ணினோம். முப்பத்தேழு முறையும் முதலிடம் எதற்கு? நாலாவது ஆல்பமாகிய குடைக்கு. ஏன்? அதன் கடைசிப் பாட்டுக்காக. பாட்டு என்றா சொன்னேன்? அதில் சொல்லே கிடையாது. ஒற்றைக் கிடார், ஐந்து நிமிடம். மெல்ல நடந்து, மெல்ல மெல்ல விரைந்து, உச்சியில் ஓரிடத்தில் தடுக்கி, தடுக்கிய இடத்திலேயே நின்று அழுது, பிறகு எழுந்து நடக்கும். அது முடியும் நேரத்தில் பின்னால் எங்கோ 'தட தட தட' என்று ஓர் ஓசை. லண்டன் பாலத்தில் ரயில் போகிறது என்று நான் பொருள் சொன்னேன். தகரக் கொட்டகையில் மழை என்றான் சடையன். தையல்காரர் பச்சமுத்து மட்டும் ஒப்பவில்லை. "கடைசியில ஒரே இரைச்சல். காது வலிக்குது. பாலந்தான் ஃபஸ்ட்டு" என்று ஆண்டுக்கு ஆண்டு சொல்லி, ஆண்டுக்கு ஆண்டு தோற்றார். இசை தெரியாதவன் என்று நான் அவரை இதே மேடையில் ஏசியிருக்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன ஐப்பசியில் எனக்கு அறுபதாம் கல்யாணம். சென்னையில் வேலை பார்க்கும் என் மகள், அப்பா கேசட்டிலேயே கேட்டுக் கிழவனாகிவிட்டாரே என்று, குடை ஆல்பத்தின் அசல் இசைத்தட்டை இங்கிலாந்திலிருந்தே வரவழைத்துத் தந்தாள். குளித்தேன். விளக்கேற்றினேன். தட்டைச் சுழல விட்டேன். இரண்டு பக்கமுமாய் ஆறு பாட்டும் வந்தது. ஏழாவதுக்காக வேட்டியை மடித்துக் கட்டி உட்கார்ந்தேன். முள் தானே எழுந்து ஓரமாய்ப் போய்ப் படுத்துக்கொண்டது.

நான்கு முறை போட்டேன். நான்கு முறையும் ஆறுதான். விடுவேனா? முப்பத்திரண்டு ஆண்டு தாலுக்கா அலுவலகம் கற்றுத் தந்த இங்கிலீஷில், பொருள், பார்வை எல்லாம் எழுதி, ஒரு பாட்டுக் குறைவாக அனுப்பியிருக்கிறீர்கள், உடன் அனுப்பி வைக்கவும் என்று விற்றவருக்கு மனுப் போட்டேன். மகள் அதை ஈமெயிலில் அனுப்பினாள். மறுநாளே பதில் வந்தது. ஐயா, அந்த ஆல்பத்தில் என்றைக்குமே ஆறு பாட்டுகள்தான் என்று எழுதியிருந்தார்கள்.

என் அன்புக்குரியவர்களே, அப்படியானால் ஏழாவது பாட்டு ஏது? வானத்திலிருந்து விழுந்ததா? பெண்ணையாற்று வெள்ளத்தில் மிதந்து வந்ததா?

நம் எல்லோர் கேசட்டும் பிறந்த இடம் ஒன்றுதான். பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த சவரிமுத்துவின் ரிக்கார்டிங் சென்டர். அவன் மச்சான் பெங்களூர் நடைபாதையில் வாங்கி வந்த ஏழு இசைத்தட்டிலிருந்து ஊருக்கே டேப் எடுத்துத் தந்தவன் அவன். நேரே மணலூர்பேட்டைக்குப் போனேன். அவன் வாசலில் உட்கார்ந்து மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தான். வந்த பதிலைப் படித்துக் காட்டினேன். உரிப்பதை நிறுத்தினான்.

"அது அவங்க வாசிச்சது இல்ல கொளஞ்சி. நம்ம மேரி வாசிச்சது."

மேரி என்றால் அவன் தங்கை ஆனந்தமேரி. கல்வராயன் மலைக்காரர்களே, உங்கள் பாதிப் பேருக்குப் பிரசவம் பார்த்த நர்ஸ் அம்மாதான்.

நடந்தது இதுதான். ரிக்கார்டிங் சென்டருக்கு ஒரு தர்மம் உண்டு. ரிக்கார்டு முடிந்தும் டேப் மிச்சம் இருந்தால் வெறுமனே விடக்கூடாது. விட்டால், "பாதி டேப்பு சும்மா கீதே, இன்னா ஏமாத்தறியா" என்று வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார். அதனால் எதையாவது போட்டு நிரப்புவார்கள். மற்ற ஆறு கேசட்டிலும் நம் சினிமாப் பாட்டை நிரப்பினான், நமக்கும் தெரிந்தது. எண்பத்தொன்றாம் ஆண்டு குடையைப் பதிவு செய்யும்போது, புது மெஷினைச் சோதிக்க எடுத்த ஒரு டேப் கையருகே இருந்ததாம். மாதா கோயில் பாடகர் குழுவின் கிடாரைப் பழுது பார்க்கக் கொண்டுவந்த இருபது வயதுத் தங்கையை, "எதுனா வாசி, சத்தம் சரியா ஏறுதான்னு பாக்கறேன்" என்று உட்கார வைத்து எடுத்தது அது. அதையே போட்டு நிரப்பிவிட்டான்.

மறுவாரம் ஒருவன் ஓடி வந்து, இது மனிதன் வாசித்ததா தேவன் வாசித்ததா என்று கடைவாசலில் நின்று கத்தினான். அந்த ஒருவன் யார்? அடியேன்தான். கடைவீதியே கூடிவிட்டது. அந்தக் கூட்டத்தில் என் தங்கை வாசித்தது என்று சவரிமுத்து சொல்லியிருக்க முடியுமா? வயசுக்கு வந்த பெண் கடைவீதியில் உட்கார்ந்து கிடார் வாசித்தாள் என்று எண்பத்தொன்றில் ஊர் என்னென்ன பேசியிருக்கும்? அவள் நர்ஸ் படிப்புக்குப் போக வேண்டிய நேரம். நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்திருக்கிறான். அந்த நாளை வர முப்பத்தெட்டு ஆண்டு ஆகிவிட்டது.

எனக்கு வந்ததே கோபம். வாழ்நாளெல்லாம் ஒரு பொய்க்கா கொட்டை போட்டேன் என்று கொதித்தேன். மோசடி செய்த சவரிமுத்துவை மன்றத்திலிருந்து நீக்க வேண்டும் என்று அன்றே தீர்மானம் எழுதினேன். இதோ, இந்தத் தாள்தான். எழுதிய கை இந்தக் கைதான். இருபத்தோரு பேர் கையெழுத்துப் போட்டீர்கள். மற்றவர்கள் மறுத்தீர்கள். மன்றம் இரண்டாய்ப் பிளந்தது. இரண்டு மாதமாய்ச் சவரிமுத்து திருக்கோவிலூர் பக்கமே வரவில்லை. இன்று இந்தத் தீர்மானம் நிறைவேறினால், அவன் அந்தக் கதவைத் தாண்டிப் போவான், பிறகு திரும்பமாட்டான். அவன் ரோஷம் எனக்குத் தெரியும்.

அந்த இருபத்தோரு பேருக்கும் நான் ஒன்று சொல்ல வேண்டும். சாட்சிக்குக் கையெழுத்து வாங்கலாம் என்று போன வாரம் நான் ஆனந்தமேரி சிஸ்டர் வீட்டுக்குப் போனேன். அவருக்கு இந்தக் கதை எதுவுமே தெரியாது. கேசட்டைப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். உச்சியில் தடுக்குமே ஓர் இடம், உலகிலேயே உயர்ந்த இடம் என்று நான் மணிக்கணக்கில் பேசுவேனே, அது வந்தபோது கண்ணைத் திறந்து, அந்த இடத்தில் விரல் தவறிவிட்டது என்றார். கடைசியில் 'தட தட' வந்ததும் சிரித்தார். அது ரயிலா சிஸ்டர் என்றேன். இல்லை, பக்கத்துக் கடைப் பச்சமுத்து அண்ணனின் தையல் மிஷின் என்றார்.

சிரியுங்கள், நன்றாய்ச் சிரியுங்கள். முப்பத்தேழு ஆண்டு பச்சமுத்து எதிர்த்து வாக்களித்த இரைச்சல், அவர் காலாலேயே மிதித்தது.

சிரித்து முடித்த பிறகு சிஸ்டர் ஒன்று சொன்னார். அதைக் கேட்டு நான் குன்றிப்போனேன்.

"அத்தினி வருசம் அத்தினி பேரு கேட்டீங்க. நல்லா வாசிக்கிறேன்னு என்கிட்ட ஒருத்தர் கூட சொன்னதில்ல சார்."

தொண்ணூற்று நாலில் தேர்தல் பட்டியல் வேலையாகக் கரியாலூர் போனேன். காய்ச்சல் கண்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் படுத்தேன். ஊசி போட வந்தவர் இதே சிஸ்டர். கோயிலில் கிடார் வாசிக்கிறாராமே என்று விசாரித்துவிட்டு நான் என்ன சொன்னேன் தெரியுமா? "குடை ஆல்பத்துல ஒரு கடைசிப் பாட்டு கீது சிஸ்டர். அதெல்லாம் வெள்ளக்காரன் கைதான் வாசிக்கும். நம்ம ஊரு கைக்கு வராது" என்றேன். அவர் என்ன சொன்னார்? "அப்டிங்களா சார். கைய கொஞ்சம் லூசா வுடுங்க" என்றார். எந்தக் கைக்கு வராது என்றேனோ, அந்தக் கை எனக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவன் என்று இனி யாரைச் சொன்னாலும் அது என்னைத்தான்.

சவரிமுத்து நம்மை ஏமாற்றினானா? இல்லை. தங்கையைக் காப்பாற்ற வாயை மூடினான். அவன் மூடியது ஒரு வாய். நாம் மூடியது எத்தனை கண்? இந்த ஊரில், இந்தக் கடைவீதியில், நம் வீட்டுப் பெண் ஒருத்தி இப்படி வாசிப்பாள் என்று ஒருவனுக்கேனும் தோன்றியதா? நல்லது எதுவானாலும் கப்பலேறித்தான் வர வேண்டும் என்று நினைத்தோமே, அது யார் குற்றம்? இந்தத் தீர்மானத்தைச் செயலாளராகிய நான் திரும்பப் பெறுகிறேன். இதோ கிழிக்கிறேன். கையெழுத்துப் போட்டவர்களில் மறுப்பவர் இருந்தால் எழுந்து நில்லுங்கள். ஒருவருமில்லை. நன்றி.

சவரி, கதவுப் பக்கம் என்ன பார்வை? மேடைக்கு வா. உன் நாற்காலி காலியாய்த்தான் இருக்கிறது. வழி விடுங்கள், அவனுக்கு வழி விடுங்கள். இப்படி வந்து உட்கார்.

இனி வரிசை. ஏழு ஆல்பத்துக்கு ஏழு டம்ளர். நியாயப்படி குடைக்கு ஆறு பாட்டுதான், அது எந்த இடத்தில் நிற்குமோ நிற்கட்டும். முப்பத்தேழு ஆண்டு குடைக்குப் போட்ட என் கொட்டையை, இன்று, ஏசியதற்குப் பரிகாரமாய், பச்சமுத்துவின் பாலத்துக்குப் போடுகிறேன். என்ன பச்சமுத்து, ஏன் எழுந்துவிட்டீர்? மைக்கை அவரிடம் கொடுங்கள்.

"நான் குடைக்குத்தான் போடப்போறேன் கொளஞ்சி. அதுல நான் கீறேன் இல்ல?"

கேட்டீர்களா? இவரோடு நான் எப்படி ஒத்துப்போவது? அடுத்த ஆண்டும் இந்தச் சண்டை இனிதே தொடரும்.

சடையா, பொறுத்தாய் அல்லவா? போர்வையை நீயே எடு. ஆம், பச்சமுத்துவின் அதே பழைய கால்மிதி மிஷின். முன்வரிசையில் அமைதியாய் அமர்ந்திருக்கும் ஆனந்தமேரி சிஸ்டர், ஒரே நிபந்தனையோடுதான் இன்று வாசிக்க ஒப்பினார். அண்ணன் மேடையில் இருக்க வேண்டும் என்றார். அண்ணன் மேடையில் இருக்கிறான்.

சிஸ்டர், வாங்க. கிடாரை எடுங்க. அதற்கு முன், இருபத்தாறு ஆண்டுக்கு முன்பு ஊசி போட்டுக்கொண்டே நீங்கள் கேட்டிருக்க வேண்டிய ஒன்றை, இந்த மக்கள் சாட்சியாய், உங்கள் முகம் பார்த்துச் சொல்கிறேன். நீங்க ரொம்ப நல்லா வாசிக்கிறீங்க.

இந்த ஐந்து நிமிடத்துக்கு டம்ளரும் இல்லை, கொட்டையும் இல்லை. கேட்டால் போதும். இவ்வளவு நேரம் பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும், மண்டபம் தந்தவர்களுக்கும், தேநீர் தரப்போகும் தாய்மார்களுக்கும், திருக்கோவிலூரைத் தெரியாமலே நம்மை ஒன்றுசேர்த்த அந்த ஐந்து பேருக்கும் நன்றி. எல்லோருக்கும் வணக்கம். பச்சமுத்து, மிஷினில் உட்காருங்கள். சிஸ்டர் முடிக்கப் போகும்போது நான் கண் காட்டுவேன். அப்போது மிதித்தால் போதும்.