ஈயம் எழுபத்தெட்டு

டீசல் என்ஜின் ஆயில் கறுப்பாக இருப்பதைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம், சார். புது ஆயிலை ஊற்றிய மறுநாளே அது கறுத்துவிடும். அது வெறும் புகைக்கரி. ஆயிலை விரலில் தொட்டுத் தேய்த்து, 'ஆயில் போச்சு' என்று தீர்ப்புச் சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கண்ணுக்குத் தெரியாததைத்தான் பார்க்க வேண்டும். அதற்குப் படிப்பு வேண்டும்.

என் பெயர் சிவசைலம். கெமிஸ்ட்ரி படித்தவன். பேட்டையில் ஐயம்பெருமாள் பிள்ளையின் லாரி ஷெட்டில் பன்னிரண்டு வருஷமாக மேற்பார்வையாளன். அங்கே இருந்த ஏழு லாரியும் கிழடு. இளையதற்கே பதினைந்து வயது. ஓடி வந்த சூட்டோடு ஒவ்வொரு வண்டியிலும் ஒரு சின்ன பாட்டில் ஆயில் எடுத்து மதுரை லேபுக்கு அனுப்புவேன். அதில் இரும்பு எவ்வளவு, செம்பு எவ்வளவு, ஈயம் எவ்வளவு, மண் எவ்வளவு என்று, பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்ற கணக்கில் தாள் வரும். இரும்பு ஏறினால் சிலிண்டர் தேய்கிறது. மண் ஏறினால் காற்று வடிகட்டியில் கோளாறு. செம்பும் ஈயமும் சேர்ந்து ஏறினால், என்ஜினின் சுழல்தண்டைத் தாங்கும் பேரிங் கரைகிறது; முற்றினால் என்ஜின் இறுகி நின்றுவிடும். முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவன் நான்தான்.

முதல் வருஷமே மானம் போயிற்று. ஒரு வண்டித் தாளில் மண் தாறுமாறாக ஏறியிருந்தது. என்ஜினைப் பிரிக்கச் சொன்னேன். பிரித்துப் பார்த்தால் சிலிண்டரில் ஒரு கீறல்கூட இல்லை. விசாரித்தபோதுதான் தெரிந்தது, டிரைவர் இஸ்ரவேல் ராதாபுரத்தில் ஆடிக் காற்றில் பாட்டிலை மூடாமல் மட்கார்டு மேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறான். மண் பாட்டிலில்தான் விழுந்திருந்தது. மெக்கானிக் சங்கிலிபூதத்தான் அன்றைக்கே எனக்கு 'ரத்த டெஸ்ட் டாக்டர்' என்று பெயர் வைத்துவிட்டான்.

"வே சிவசைலம், இன்னொரு மட்டம் நல்ல என்ஜினப் பிரிச்சீருன்னா, நீரும் ஒம்ம பாட்டிலும் ரோட்டுக்குப் போயிர வேண்டியதுதான், சொல்லிட்டேன்" என்றார் முதலாளி. ஷெட்டே சிரித்தது. இஸ்ரவேல் மட்டும் சிரிக்கவில்லை. "எம் மேலதான் தப்பு அண்ணாச்சி, மன்னிச்சிருங்க" என்றான். அவன்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. இதையும் என் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

பழைய வண்டியின் தாளைப் படிக்க ஒரு பக்குவம் வேண்டும். ஒற்றை எண் ஒன்றும் சொல்லாது, ஏறுகிற வேகம்தான் சொல்லும். தொண்ணூற்றாறில் இஸ்ரவேல் வண்டியில் ஈயம் ஜூனில் பதினான்கு, ஆகஸ்டில் முப்பத்திரண்டு, அக்டோபரில் எழுபத்தெட்டு. செம்பும் கூடவே ஏறியது. கடைசித் தாளை மட்டும் பார்த்தால், கிழட்டு வண்டிதானே என்று சொல்லிக்கொள்ளலாம். மூன்றையும் வரிசையாக வைத்தால் சொல்ல முடியாது. நான் முதலாளியிடம் கடைசித் தாளை மட்டும் வைத்தேன். "பழைய வண்டின்னா கொஞ்சம் கூடத்தான் இருக்கும்" என்றேன். பொதுவாகப் பார்த்தால் அது பொய் இல்லை.

ஏன் என்று கேட்பீர்கள். பிரிக்கச் சொன்னால், சங்கிலிபூதத்தான் பேரிங்கை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இது இன்னும் ஒரு வருசம் ஓடுமே டாக்டரே" என்பான். பாதித் தேய்மானம் அவன் கண்ணுக்குத் தெரியவா போகிறது? சொன்னால் வேலை போகும், சொல்லாவிட்டால் தூக்கம் போகும். பதினோரு நாள் இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுக் கிடந்தேன். நாள் போகப் போக இன்னொரு சிக்கல்: இப்போது சொன்னால், அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே.

இஸ்ரவேல் வழக்கமாகத் தூத்துக்குடிக்குச் சமதரையில் ஓடுகிறவன். பன்னிரண்டாம் நாள் காலையில் அவனுக்குப் புனலூருக்கு அரிசி லோடு விழுந்தது. செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு மலை இறக்கம். அந்த வண்டியில் பிரேக்குக்குக் காற்றுத் தருவது என்ஜின்தான். காற்றுத் தொட்டியோ ஒழுகல். என்ஜின் நின்றுபோனால் மூன்று மிதியில் பிரேக் தீர்ந்துவிடும். இது எனக்கு நன்றாகத் தெரியும்.

கிளம்பும் முன் அவன் என் மேசைக்கு வந்தான்.

"அண்ணாச்சி, ஏத்தத்துல அடியில யாரோ சுத்தியலால தட்டுத மாதிரி கேக்கு. மலைக்குப் போவட்டா, நிறுத்திரட்டா?"

அவன் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது.

"பேப்பர்ல ஒண்ணுமில்லலே. பைய ஓட்டிட்டுப் போ" என்றேன்.

"நீங்க சொன்னாச் சரிதான்" என்று சொல்லிவிட்டுப் போனான். ஷெட்டில் என் தாளை நம்பிய ஒரே ஆள் அவன்.

இறக்கத்தில் வண்டி பள்ளத்தில் விழுந்தது. தகரத்தை அறுத்துத்தான் அவனை எடுத்தார்கள். டிரைவர் தூங்கிவிட்டார் என்று போலீஸில் எழுதிக் கேஸை முடித்தார்கள். அவன் மனைவி அஞ்சலின் ஷெட்டுக்கு வந்தாள். "அவுக வண்டியில தூங்குத ஆளா அண்ணாச்சி? நீங்க ஒரு வார்த்த சொல்லுங்களேன்" என்றாள். "தெரியலம்மா" என்றேன். எட்டு மாதம் வாயைத் திறக்கவில்லை. இன்னும் எத்தனை வருஷமானாலும் திறந்திருக்க மாட்டேன்.

போன திங்கட்கிழமை, அந்த வண்டியைப் பழைய இரும்புக்குப் போட என்ஜினைப் பிரித்தார்கள். பேரிங் உருகிச் சுழல்தண்டோடு ஒட்டிக் கிடந்தது. முதலாளி என் பாட்டில்களை எல்லாம் குப்பையில் கொட்டச் சொன்னார். "ஒண்ணுமில்லன்னுதானே சொன்னீரு? ஒம்ம டெஸ்ட்ல என்னத்தவே கண்டீரு?" என்றார். டாக்டருக்கு ஈயமும் தெரியாது, இரும்பும் தெரியாது என்றான் சங்கிலிபூதத்தான். அதைத்தான் சார் என்னால் தாங்க முடியவில்லை.

இதோ இந்தக் கவர். கடைசித் தாள் வந்த அன்றே, பாளையங்கோட்டைத் தபாலாபீசிலிருந்து எனக்கு நானே ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிக்கொண்டது. ஒட்டுப் பிரிக்கவில்லை, தேதி முத்திரை தெளிவாக இருக்கிறது. மூன்று தாளும் உள்ளே இருக்கின்றன. எப்போது என்ஜின் இறுகிப் பிடிக்கும் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வண்டி நின்றதும் எல்லோர் முன்னாலும் பிரித்துக் காட்ட வேண்டும் என்று அந்தப் பதினோரு நாளும் காத்திருந்தேன். சமதரையில் நிற்கும் என்றுதான் நினைத்தேன். மலை என்று தெரிந்த பிறகும் அவனை அனுப்பினேன். நான்தான் கொன்றேன், மறுக்கவில்லை.

கவரை மட்டும் ஷெட்டில் வைத்துப் பிரியுங்கள். முதலாளியும் சங்கிலிபூதத்தானும் பக்கத்தில் இருக்கட்டும். அஞ்சலினையும் கூப்பிடுங்கள், புருஷன் தூங்கவில்லை என்று தெரிந்தால் ஆறுதலாக இருக்கும். ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்குள் பிடிக்கும் என்று எழுதியிருக்கிறேன். ஆயிரத்து நானூற்று இருபதில் பிடித்தது. இவ்வளவு கிழட்டு வண்டிக்கு இதைவிடச் சரியாக யாராலும் சொல்ல முடியாது, சார்.