ஆளுநர் சரிதம் எழுதியவன் அடித்த மணி

ஆலம் உண்டு அமரரைக் காத்த கண்டனே, அஞ்சினார்க்கு அடைக்கலமே, கண்டதைக் கண்டபடி உரைக்க என் நாவில் நில்.

ஆடிப்பூரம். அம்மனுக்கு வளையல் சாத்தும் நன்னாள். தேயிலைத் தோட்டத்துக்கு விடுமுறை. பகல் பதினொன்றரை.

ஓடுகிறேன். பின்னால் கலஹா வீதி. லொறிகளின் உறுமல். மூன்று. கண்ணாடி நொறுங்கும் ஓசை. தமிழர் கடைகள் எரிகின்றன. கும்பல் அடுத்து ஏறப்போவது எங்கள் தோட்டத்துக்கு. மேலே தொழிலாளரின் வரிசை வீடுகள், இரண்டு லயங்கள். அங்குள்ளோர் ஏதும் அறியார். நான் அத்தோட்டத்துப் பள்ளி ஆசிரியன். மூச்சு அடைக்கிறது. லயம்வரை ஏற முடியாது. வழியில் மாரியம்மன் கோயில்.

அந்நாள்களில் ஒரு சரிதம் எழுதிவந்தேன். போர்த்துக்கேய ஆளுநர் ஒருவனின் வாழ்வு. கடல் கடந்து வந்தவன். கோயில்களை இடித்தவன். படை நடத்திக் கண்டியை எரித்தவன். ஈற்றில் தன் படையினரே கைவிட, மலைச்சரிவில் வெட்டுண்டவன். அவன் படை ஏறுகையில் கோயில் மணி ஒலித்தது, குடிகள் காட்டுக்குள் மறைந்தனர் என்று முதல்நாள்தான் எழுதியிருந்தேன். எந்த ஏட்டிலும் கண்டதன்று. என் கற்பனை.

மணிக்கயிற்றைப் பற்றினேன். அடித்தேன்.

லயக் கதவுகள் திறக்கின்றன. ஒருவரும் காட்டுக்கு ஓடவில்லை. சிலர் கோயிலுக்கு இறங்கி வருகிறார்கள். எங்கள் தோட்டத்தில் மணி என்றால் பூசை. அதை நானும் அறிவேன். அக்கணம் அறிந்திலேன்.

முன்னால் செல்லம்மா. கொழுந்து பறிப்பவள். கையில் வளையல் தட்டு.

“என்னா வாத்தியாரய்யா, பூசாரி வேலையயும் புடுங்கிக்கிட்டீங்களா? பொங்கலே இன்னும் எறங்கலயே!”

“ஓடுங்க! காட்டுக்கு ஓடுங்க! அடிக்க வர்றாங்க!”

சிரித்தாள். மணி இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது. அதில் என் குரல் அமிழ்ந்தது. அவளுக்குப் பின்னால் என் மனைவி பார்வதி, எண்ணெய்க் கிண்ணத்தோடு.

லொறிகள் வளைவில் திரும்பின.

“பார்வதி! வராத! திரும்பிப் போ!”

என்னை நோக்கியே ஓடிவந்தாள். முதற்கல் கோயில் விளக்கில் பட்டது. இரண்டாவது அவள் நெற்றியில். தேயிலை நடுவே நீரோடும் கானுக்குள் என்னைத் தள்ளியவள் அவளே. சேற்றில் முகம் புதைய விழுந்தேன். தடிகளின் ஓசை. ஓலம். பெட்ரோல் நாற்றம். அப்பால் ஓசையே இல்லை.

மணிக்கு வராமல் லயத்தில் கிடந்தோர், புகை கண்டு காடேறிப் பிழைத்தனர்.

இழந்தவை இவை. செல்லம்மா. அவள் கணவன் காளிமுத்து. பூசாரி இராமையா. என் பார்வதி. ஆக நால்வர். லயத்து அறைகளான காம்பிராக்கள் பதினெட்டு. சரிதத்தின் நூற்றுப் பன்னிரண்டு தாள்கள். தாள்களுக்காக நான் அழவில்லை. நால்வரையும் அழைத்தவன் நான்.

இதை வாசிப்போர் இல்லங்களில் விளக்கு அணையாதிருக்க. உங்கள் வாயிலில் அச்சம் ஏறாதிருக்க. உங்களை அம்மை காக்க.