அக்கா பாதியில் திரும்பிய காரணம்

அப்பாவுக்கு முகம் மழித்துவிடுவது எனக்குப் பிடித்த வேலை. மற்ற வேலைகளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. கண்ணை மூடிக்கொண்டு, கன்னத்தை உப்பி, குழந்தை மாதிரி முகத்தைத் தூக்கிக் காட்டுவார். அந்தக் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார் என்பதும் ஒரு காரணம். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எதிரே ஒரு முகம் தெரிந்தால் போதும், பேச்சு ஆரம்பித்துவிடும்.

அம்மா இறந்த வருஷமே அவருக்கு இடது பக்கம் இழுத்துக்கொண்டது. அக்கா அப்போது கல்லூரியில் இருந்தாள். நான் பத்தாவது. வீட்டில் ஒருத்தி நிற்க வேண்டும். அது யார் என்று யாரும் பேசவில்லை. ஒரு நாள் காலையில் நான் பள்ளிக்குக் கிளம்பவில்லை. ஏன் என்றும் யாரும் கேட்கவில்லை.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. என் கால்கள்தான் சும்மா இருக்காது. சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருப்பேன். செருப்பை மாட்டுவேன். உள்ளேயிருந்து "ஏம்மா" என்று குரல் வரும். கழற்றிவிட்டுப் போவேன். தலையணையைச் சரிசெய்யச் சொல்வார், அல்லது ஜன்னலைச் சாத்தச் சொல்வார். மறுபடி வந்து செருப்பை மாட்டுவேன். இப்படியே வருஷங்கள் போயின.

அக்கா கணக்கு டீச்சர் ஆனாள். வெளிநாட்டில் ஒரு பள்ளியில் இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் வேலை கிடைத்துப் போனாள். போன புதிதில் போனை எடுத்தாலே அழுகைதான். நாலு டீச்சர்களுக்கு ஒரே குளியலறையாம். குழாயைத் திறந்துவிட்டுத்தான் அழ முடியுமாம். பாதியில் விட்டுவிட்டு வந்தால் அனுபவச் சான்றிதழ் கிடையாது, அந்த நாட்டில் இனி வேலையும் கிடையாது. பெற்றவர்கள் சாகக் கிடந்தால் மட்டும் விடுவார்கள். அதையும் அந்தப் பள்ளியின் பிரின்சிபால் வீடியோவில் தன் கண்ணால் பார்த்தால்தான் நம்புவார். அவரிடம் வேலை பார்த்த எத்தனையோ டீச்சர்களின் அம்மாக்கள் செத்துச் செத்துப் பிழைத்திருக்கிறார்கள்.

"ரெண்டு நிமிஷம் அப்பாவை வாயைத் திறந்துக்கிட்டுப் படுக்கச் சொல்லுடி. மூச்சு வாங்கற மாதிரி. அவ்வளவுதான்" என்றாள் அக்கா.

அப்பா உடனே ஒப்புக்கொண்டார். "நடிப்புதானே. டிக்கெட் எடுக்காம தூங்கற மாதிரி நடிச்சவன் எத்தனை பேரைப் பாத்திருக்கேன்."

போர்வையைக் கழுத்து வரை இழுத்துவிட்டு, ஜன்னலைச் சாத்தி, போனை அவர் முகத்துக்கு மேலே பிடித்தேன். பிரின்சிபால் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எட்டிப் பார்த்தார். அப்பா நன்றாகத்தான் மூச்சு வாங்கினார். அப்புறம் ஒரு கண் திறந்தது. திரையில் ஒரு முகம் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

"குட் மார்னிங் மேடம்" என்று முழங்கையை ஊன்றி எழுந்தார். "ஐயாம் ஃபைன் மேடம். லெஃப்ட் சைடு ஒன்லி ஸ்லைட் பிராப்ளம். மை டாட்டர் வெரி குட் டீச்சர்."

பிரின்சிபால் சிரித்துவிட்டார். இவ்வளவு தெம்பாக இருப்பதைப் பார்க்கச் சந்தோஷம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

"ஏம்ப்பா இப்படிப் பண்ணினீங்க?" என்று கேட்டேன்.

"ஒரு பெரிய மனுஷி முகத்துக்கு நேரா வந்து நிக்கறாங்க. வணக்கம் சொல்லாம எப்படிடி செத்துக் கிடக்கிறது?"

அக்கா போனில் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு அவளும் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஆனால் அந்த வாரங்களில் என் மனசு கொஞ்சம் முன்னாலேயே வெளியே போய்விட்டிருந்தது. அக்கா வந்ததும் வேலைக்கு வருகிறேன் என்று பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் சொல்லிவைத்திருந்தேன். கடைக்காரம்மா நான் நிற்க வேண்டிய இடத்தைக்கூடக் காட்டினார். தெருவைப் பார்த்த இடம். யாராவது வருவார்கள், காகிதத்தை நீட்டுவார்கள், வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். யாரும் தலையணையைச் சரிசெய்யச் சொல்ல மாட்டார்கள்.

அடுத்த மாதமே அக்கா பேச்சை மாற்றினாள். "விடுடி, பழகிடுச்சு. பசங்க என்னையே சுத்திச் சுத்தி வருதுங்க. முடிச்சுட்டே வந்துடறேன். அப்புறம் இன்னும் ரெண்டு வருஷம் நீட்டிக்கவும் கேக்கறாங்க."

குரல் தெளிவாக இருந்தது. ஆனால் அவள் எங்களுக்காக மறைக்கிறாள், உள்ளே வாடிக்கொண்டிருக்கிறாள் என்று முடிவு செய்தேன். கூடப் பிறந்தவளுக்குத் தெரியாதா. அவளை எப்படியாவது மீட்டுக் கொண்டுவர வேண்டும் என்று தோன்றியது. அப்பாவுக்கு நடிக்க வராது என்பதும் தெரிந்துவிட்டது.

முதலில் வெள்ளை மாத்திரையை நிறுத்தினேன். ரத்த அழுத்தத்துக்கானது. காலையில் பல் தேய்க்கும்போது குழாயடியில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிடுவேன்.

"ஏம்மா, அந்த வெள்ளை எங்க?"

"டாக்டர் குறைச்சுட்டாருப்பா."

அவருக்கு அவ்வளவு சந்தோஷம். சாயங்காலம் மாடி வீட்டு மாமாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். "பாத்தீங்களா, ஒண்ணைக் குறைச்சுட்டாங்க. இன்னும் கொஞ்ச நாள்ல உங்ககூட வாக்கிங் வரேன் பாருங்க."

"நீங்க வந்தா நடக்கவா விடுவீங்க? நிக்க வெச்சுல்ல பேசுவீங்க" என்றார் மாமா.

அப்பா சிரித்தார். என்னைக் காட்டி, "எல்லாம் இவ கவனிப்பு" என்றார். நான் இரண்டு பேருக்கும் டீ போட்டுக் கொடுத்தேன்.

பிறகு ரத்தம் கட்டாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரை. அதைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. குறைவதெல்லாம் நல்லதற்கு என்று நம்பிவிட்டார்.

காத்திருப்பதுதான் கஷ்டமாக இருந்தது. அவர் நன்றாகச் சாப்பிட்டார், நன்றாகத் தூங்கினார். எனக்குத்தான் உட்கார முடியவில்லை. கூட்டின இடத்தையே கூட்டினேன். துவைத்ததையே துவைத்தேன். ஒன்றும் நடக்காததால், நான் செய்வது பெரிய விஷயமே இல்லை என்றுகூட ஒரு சமயம் தோன்றியது.

ஒரு காலையில் முகம் மழித்துக்கொண்டிருந்தேன். வலது பக்கம் முடிந்திருந்தது. அடுத்த கன்னத்தை உப்பச் சொன்னேன். உப்பவில்லை. வாய் ஒரு பக்கமாக இறங்கியது. என்னவோ சொல்லப் பார்த்தார். சத்தம்தான் வந்தது, சொல் வரவில்லை. பாதி நுரையோடு ஒருவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. மீதியையும் மழித்து, துடைத்து, நல்ல சட்டை ஒன்றை மாட்டிவிட்டேன். பிறகு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

"மாத்திரையெல்லாம் தவறாம குடுத்தீங்களா?" என்று டாக்டர் கேட்டார். கொடுத்தேன் என்றேன். அருகில் நின்ற நர்ஸ், "எவ்வளவு சுத்தமா வெச்சிருக்கு பாருங்க இந்தப் பொண்ணு" என்றார்.

பிரின்சிபாலை மறுபடி வீடியோவில் கூப்பிட்டோம். மூக்கில் குழாயோடு படுத்திருந்த அப்பாவுக்கு நேராகப் போனைப் பிடித்தேன். அவருடைய ஒரு கண் திரையைத் தேடிப் பிடித்தது. உதடு லேசாக அசைந்தது. வணக்கம் சொல்லத்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன். பிரின்சிபால் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். அந்த வாரமே அக்காவைச் சான்றிதழோடு அனுப்பிவைத்தார்கள்.

நீங்கள் கேட்க நினைப்பது எனக்குத் தெரியும். அவரைக் கொல்ல நினைத்தேனா? இல்லை. அவர் போய்விட்டால் காரியம் முடிந்ததும் அக்கா திரும்பிப் போய்விடுவாளே. அவர் இருக்க வேண்டும். எழுந்து உட்காராமல் இருக்க வேண்டும். அந்த அளவுக்குத்தான் செய்தேன்.

அக்கா வந்ததும் அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "என் வாய்தான்டி. நான் சொன்ன பொய்தான் பலிச்சுடுச்சு." அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு வார்த்தை போதும். முதுகைத் தடவிக்கொடுத்ததோடு விட்டேன். குற்ற உணர்ச்சியில் இருப்பவள் எங்கும் போக மாட்டாள்.

நான் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். நல்ல வாரங்கள் அவை. மூடியைத் திறந்து, காகிதத்தை வைத்து, மூடுவேன். கீழே ஒரு வெளிச்சம் ஓடும். பஸ்கள் வரும், போகும். என் கால்கள் முதல்முறையாக ஒரே இடத்தில் நின்றன.

நேற்று அக்காவுக்குப் பக்கத்துப் பள்ளியில் வேலை கிடைத்துவிட்டது. அப்பாவின் கட்டிலருகே நின்று சொன்னாள்.

"நீ கடையை விட்டுடுடி. எனக்கு எந்த மாத்திரை எப்போன்னே புரியல. நீ இல்லாம இவர் இத்தனை வருஷம் இருந்திருப்பாரா?"

அப்பா தன் நல்ல கையால் அக்காவின் புடவைத் தலைப்பைப் பிடித்தார். விடவே இல்லை. என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தொண்டையிலிருந்து சத்தம் வந்தது. இழுத்த இழுப்பில் அவள் கட்டிலின் மேல் சாய்ந்துவிட்டாள்.

"பாத்தியா, அப்பாவுக்கும் நீதான் வேணுமாம்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

நான் அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டேன். திங்கட்கிழமையிலிருந்து மாத்திரை டப்பா மறுபடி என் கையில். என்னைவிட நன்றாக அவரைப் பார்த்துக்கொள்ள யாராலும் முடியாது. இந்த முறை எதையும் நிறுத்த மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.