புகைக்குள் கடல் தண்ணீர்

சிராங்கூன் சாலையில் நான் ஏறிய பேருந்தில், முன் இருக்கையில் இருந்த படகு மெக்கானிக் பெண் தன் அண்ணியிடம் சொன்னாள்:

“எஞ்சின் புகைக்குள்ளயே கடல் தண்ணிய விடுறோம் அண்ணி. அவ்வளவு கொதிக்கிற புகையும் ஆறிடும், அது வெளிய போற ரப்பர் குழாயத் தொட்டா வெதுவெதுன்னுதான் இருக்கும்.”

“தண்ணி எஞ்சினுக்குள்ள போயிடாதா?”

“குழாய மேல தூக்கி வளைச்சிருக்காங்க. வளைவத் தாண்டித்தான் தண்ணி விழும்.”

“யாரு யோசிச்சாங்களோ” என்றார் அண்ணி மெல்ல.

“இன்னிக்குக் கெளம்புறப்ப பின்னாடி வெறும் புகைதான் வந்துச்சு, தண்ணி வரல. அப்படியே ஓட்டியிருந்தா ரப்பர் எரிஞ்சு படகே பத்தியிருக்கும். எஞ்சின நிறுத்திட்டேன். தண்ணி உறிஞ்சுற வாய்ல பிளாஸ்டிக் பை ஒட்டியிருந்துச்சு.”

“படகுல ஆளுங்க?”

“ஏழு பேரு. லேட்டாவுதுன்னு திட்டினாங்க லா.”

“ஏன் நிறுத்துனேன்னு நீ சொல்லலயா?”

“பைய எடுத்துட்டு ஸ்டார்ட் பண்ணதும் தண்ணி பீச்சி அடிச்சுது அண்ணி. அதையே பாத்துக்கிட்டு நின்னுட்டேன்.”