புரியுதுக்கா

இந்த நாற்காலியின் பின்னங்கால் லேசாக ஆடுகிறது, ஐயா. யாராவது விழுவதற்கு முன் திருகாணியை முடுக்கிவிடச் சொல்லுங்கள். நாற்காலிப் பட்டறையில் பத்தொன்பது வருடம் சரிபார்க்கும் வேலை பார்த்தவள் நான். உட்கார்ந்ததுமே தெரிந்துவிடும்.

இடுப்பு வலியால்தான் அந்த வேலையை விட்டேன். ஆறு வருடமாக இடுப்பிலிருந்து இடது குதிகால் வரை, காய்ச்சிய கம்பியை உள்ளே இழுப்பதுபோல் இருக்கிறது. பல் துலக்கக் குனிவதற்கே மனதைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டும். ஸ்கேனில் ஒன்றும் இல்லை. "இது போகாதும்மா, இதோட வாழப் பழகிக்கணும்" என்றார் டாக்டர். நர்ஸ் ஒரு நோட்டைக் கொடுத்து, வலி பத்துக்கு எத்தனை என்று தினமும் குறிக்கச் சொன்னாள். குறித்தேன். எட்டு. எட்டு. ஒன்பது. எட்டு. யாராவது படிப்பார்கள் என்று நினைத்தேன்.

வீட்டில் நானும் தங்கையும்தான். அவள் நல்லவள், இதை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். வேலைக்கும் போய், எனக்கு மாத்திரையும் வாங்கி வந்து, என் கால் நகத்தைக்கூட அவள்தான் வெட்டிவிடுவாள். வலிக்கிறது என்றால் மட்டும், செல்போனிலிருந்து தலை தூக்காமல், "புரியுதுக்கா" என்பாள்.

ஒருநாள் கேட்டேன். "என்னடி புரியுது?"

"வலிக்குதுன்னு புரியுது."

"எப்படி வலிக்குதுன்னு?"

"அதை நான் கடன் வாங்கியா பாக்க முடியும்? விடுக்கா. வலி போயிடுச்சுன்னா அப்புறம் நீ எதைப் பத்திப் பேசுவ?"

சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்று நோட்டில் முதன்முறையாகப் பத்து என்று எழுதி, அவள் கைப்பைக்குப் பக்கத்தில் திறந்தே வைத்தேன். காலையில் அதன்மேல் காபி டம்ளர் இருந்தது.

கோபம் இல்லை, ஐயா. ஒரே ஒருத்தருக்குத் தெரிந்தால் போதும், பாதி இறங்கிவிடும் என்று தோன்றியது. அதற்குமேல் தனியாகத் தாங்க என்னால் முடியவில்லை.

திருகாணியை எத்தனை சுற்றுத் தளர்த்தினால் ஆடும், எத்தனை சுற்றில் சாயும் என்பது என் தொழில். உயரமான ஏணியை நான் தொடவில்லை, உயிருக்கு ஆபத்து. மூன்று படி ஸ்டூலைத்தான் எடுத்தேன். அவள் இடுப்பு வந்து விழும் இடத்துக்கு மரப்பெட்டியை நகர்த்தினேன். அதற்கே அரை மணி நேரம் ஆயிற்று, என் இடுப்பு அப்படிக் கெஞ்சியது.

"வெந்நீர்ப் பை மேல் தட்டுல இருக்கு, எடுத்துத் தாடி."

"இதோ வரேன்க்கா."

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்ததும் நான்தான்.

ஐந்து மாதமாகிறது. ஒரே அறையில் இரண்டு கட்டில். அவளால் வேலைக்குப் போக முடியவில்லை, குனிய முடியவில்லை. என்னால் முடிந்தவரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். நேற்று எல்லாவற்றையும் அவளிடம் சொல்லி, "இப்பப் புரியுதா?" என்று கேட்டேன். சுவர்ப் பக்கம் திரும்ப முயன்றாள், முடியவில்லை. பிறகு அந்தச் செல்போனை எடுத்து உங்களைக் கூப்பிட்டாள்.

என்னை உள்ளே வைத்துவிட்டால் அவளை யார் பார்ப்பார்கள்? அவள் வலி என்னைத் தவிர வேறு யாருக்குப் புரியும்? அவளுக்கும் ஒரு நோட்டு கொடுத்திருக்கிறேன். தினமும் ஒன்பது என்றே எழுதுகிறாள்.

உங்களிடம் சொல்வதற்கென்ன, ஒன்பதெல்லாம் இருக்காது, ஐயா.