புகை அறிந்த மூக்கு

பர்விஸின் வேனில் ஏசி சரியாக வேலை செய்யாது. அதைத் தவிர அந்தப் பயணத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

நாங்கள் மூன்று பேர். வண்டி ஓட்டியது பர்விஸ். முன் இருக்கையில் ரான்சம் டீக். பின்னால் நான்; என் பெயர் ஹாய்ட். பள்ளிக்கூட நாளிலிருந்து கூட்டாளிகள். செப்டம்பர் வந்தால் மூன்று நாள் ஒதுக்கி, நாளுக்கு ஒரு பார்பிக்யூ கடை என்று சாப்பிட்டுக்கொண்டே போவோம். முதல் நாள் எங்கள் கிழக்குக் கரோலினா முறை: முழுப் பன்றியை விறகுக் கங்கில் வாட்டி, கொத்தி, வினிகரும் மிளகாயும் தெளிப்பது. மறுநாள் மேற்கே லெக்சிங்டன்; அங்கே தோள்கறி மட்டும், வினிகரில் தக்காளியைக் கலந்துவிடுவார்கள். மூன்றாம் நாள் தெற்குக் கரோலினாவின் கடுகுச் சாறு. இந்த வித்தியாசங்களுக்காக எங்கள் பக்கம் நிச்சயித்த கல்யாணங்கள் நின்றிருக்கின்றன.

ரான்சம் வட்டார வாரப் பத்திரிகையில் 'புகையும் மனசாட்சியும்' என்று பத்தி எழுதி வந்தான். சமையல் போட்டிகளில் நடுவர். சட்டைப் பையில் சொந்தமாக ஒரு வெள்ளி முள்கரண்டி. தட்டு வந்ததும் கண்ணை மூடி அரை நிமிஷம் முகர்வான். அந்த அரை நிமிஷம் மேஜையில் யாரும் பேசக்கூடாது. ஒருமுறை பர்விஸ் நடுவில் தும்மிவிட்டதால் வேறு தட்டு கொண்டுவரச் சொன்னான்.

"ஹிக்கரி விறகு. வடக்குச் சரிவுல வளந்த மரம்," என்பான் கண்ணைத் திறந்து.

"மரத்தோட அப்பன் பேரு என்ன, ஜட்ஜய்யா?" என்பான் பர்விஸ்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் அந்த மூக்கு எங்கள் கடைக்கு வந்தது. கடை என் மனைவி ரோவீனாவுடையது. அவள் அப்பா கட்டியது. 'இங்கே விறகு மட்டும்' என்று அவர் எழுதிவைத்த பலகை வாசலில் தொங்கியது. முன்னால் பரிமாறுவது அவள், பின்னால் குழியடுப்பைப் பார்ப்பது நான். ரான்சம் சாப்பிட்டான், எங்களோடு சிரித்துப் பேசினான், போய் எழுதினான்: 'இந்தக் கறியில் புகையும் இல்லை, மனசாட்சியும் இல்லை. இது காஸில் வெந்தது.'

எங்கள் மாவட்டத்தில் ஒருவன் குடிக்கலாம், இரண்டு முறை திவாலாகலாம், பாதிரியாரின் மனைவியோடு ஓடிப்போகலாம். திரும்பி வந்தால் ஒரு நாற்காலி போடுவார்கள். காஸில் பன்றி வாட்டியவனுக்கு நாற்காலி கிடையாது. ரோவீனா சர்ச்சில் எழுந்து நின்று, அப்பாவின் பைபிள்மேல் கைவைத்து, விறகைத் தவிர எதையும் எரித்ததில்லை என்று சத்தியம் செய்தாள். எல்லாரும் அன்பாகத் தலையசைத்தார்கள். நாலாவது மாதம் கடையைப் பூட்டினோம். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவள் நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்காருவாள். சர்ச் மணி அடித்து ஓய்ந்ததும் உடுப்பை மாற்றிக்கொள்வாள். ஐந்து வருஷம் இதைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். உங்கள் விரலிலும் மோதிரம் இருக்கிறது, உங்களுக்குப் புரியும்.

ஒரு விவரத்தைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. பின் கொட்டகையில் ஒரு காஸ் அடுப்பு இருந்தது உண்மைதான். மழையில் விறகு நனைந்துவிடும். மழை நாளுக்கு என்றுதான் வாங்கினேன். பிறகு வெயில் நாளிலும் அது சௌகரியமாக இருந்தது. ரோவீனாவுக்கு இது தெரியாது. புகை ஒத்துக்கொள்ளாமல் இருமுவாள் என்பதால் அவள் அந்தப் பக்கம் வருவதில்லை. ஆனால் ரான்சமும் கொட்டகைக்குள் எட்டிப் பார்க்கவில்லை. வெறும் மூக்கை வைத்து எழுதினான். கண்ணால் காணாமல் ஒரு பெண்ணின் பெயரைக் கெடுப்பவனை என்னவென்று சொல்வீர்கள்?

எங்கள் காட்டில் முதுகில் வெள்ளைப் புள்ளியுள்ள உண்ணி உண்டு. அது கடித்த சிலருக்கு இரண்டு மூன்று மாதம் போனதும் பன்றியும் மாடும் ஆகாது. சாப்பிட்ட உடனே ஒன்றும் செய்யாது. மூன்று நாலு மணி நேரம் கழித்து உடம்பெல்லாம் தடிக்கும், சிலருக்கு மூச்சு அடைக்கும். பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவருக்கு அப்படி ஆனது. மனுஷன் கோழி நெஞ்சுக்கறியை மென்றுகொண்டே, அடுத்த வீட்டில் பேக்கன் என்கிற உப்பிட்ட பன்றிக்கறி பொரியும் வாசனைக்குக் கண் கலங்குவார். அவரைப் பார்த்தபோதுதான் எனக்கு ரான்சத்தின் ஞாபகம் வந்தது. கொல்லும் எண்ணம் எனக்கு அப்போது இல்லை. அவனிடமிருந்து பன்றியை மட்டும் எடுத்துவிட்டால் போதும் என்று நினைத்தேன்.

ஜூன் மாதம் அவனிடம், நிற்கும் மரத்தை முகர்ந்து இதுவரை யாரும் கட்டுரை எழுதியதில்லை என்றேன். நாலு சனிக்கிழமை என் தோப்புக்கு வந்தான். மான்கள் படுக்கிற, அந்த உண்ணி மண்டிய புல்லில் பத்து நாள் போட்டுவைத்திருந்த கம்பளியை அவனுக்கு விரித்துக் கொடுத்தேன். அதில் உட்கார்ந்து பட்டை பட்டையாக முகர்ந்து குறிப்பெடுத்தான். நண்பனுக்குக் கம்பளி விரிப்பது எந்தச் சட்டத்தில் குற்றம் என்று எனக்குத் தெரியவில்லை.

செப்டம்பர் பயணத்தின் முதல் நாள், வியாழக்கிழமை, முழுப் பன்றி சாப்பிட்டோம். மூன்று மணிக்கு வேனில் ரான்சம் வயிற்றைச் சொறிய ஆரம்பித்தான்.

"என்ன ஜட்ஜய்யா, பன்றி உள்ள போய் மேல்முறையீடு பண்ணுதா?"

"வாய மூடுடா. அந்தக் கடை சுத்தமில்ல. எழுதறேன் பாரு."

எழுதவும் செய்தான், வேனிலேயே, நோட்டுப் புத்தகத்தில். சுத்தமான கடை அது. இன்னொரு குடும்பத்தின் பிழைப்பு எப்படிப் போகும் என்பதை நேரில் பார்த்தேன். என் மனதில் ஏதாவது தயக்கம் இருந்திருந்தால் அதோடு தீர்ந்தது.

வெள்ளிக்கிழமை லெக்சிங்டன் தோள்கறி. சாயங்காலம் அவன் முகம் வீங்கி, பேச்சு குழறி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஊசி போட்டுவிட்டு, உண்ணி ஏதாவது கடித்ததா என்று டாக்டரம்மா கேட்டார்.

"நான் எழுத்தாளன். காட்டுக்கெல்லாம் போறதில்ல," என்றான் ரான்சம்.

"ஜூன்ல ஹாய்ட் தோப்புல நாலு வாரம் மரத்த மோந்துக்கிட்டுத் திரிஞ்சது யாரு, உங்க தாத்தாவா?" என்றான் பர்விஸ்.

இனிப் பன்றி, மாடு எதுவும் கூடாது, அடுத்த தடவை இதைவிட மோசமாக இருக்கும் என்று சொல்லி, கூடவே வைத்துக்கொள்ளும் ஊசி ஒன்றையும் எழுதிக் கொடுத்தார். ரான்சம் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான். "பாக்கெட்டுல ஊசிய வச்சுக்கிட்டு பார்பிக்யூ கடைக்குப் போற நடுவர் எவனாவது உண்டா?" என்றான்.

வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று பர்விஸ் சொன்னான். ரான்சம் கேட்கவில்லை. சனிக்கிழமை தெற்குக் கரோலினாவில், ஆரஞ்ச்பர்க் பக்கத்துக் கடையில் அவனுக்காக வாசகர்கள் சிலர் காத்திருந்தார்கள். தனக்குக் காய்கறியைப் பற்றியும் எழுதத் தெரியும் என்று அறிவித்தான். வாசலில் இறங்கியதும் பர்விஸை இடம் பிடிக்க அனுப்பிவிட்டு என் கையைப் பிடித்தான்.

"ஹாய்ட், ஒரு உதவி. கீரையில பன்றி கெடக்கான்னு உள்ள போய்க் கேட்டுட்டு வா. நான் கேட்டா ஊரே சிரிக்கும்."

சரி என்றேன். அவன் கையை விடவில்லை.

"இன்னொன்னு. ராத்திரி ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டு யோசிச்சேன். ரோவீனா கடையப் பத்தி எழுதினத திருத்திடறேன். என் மூக்கு ஏமாந்துபோச்சுன்னு எழுதறேன்."

"ஏமாந்துச்சா?"

அவன் தரையைப் பார்த்தான். "இல்லடா. அது காஸ்தான். உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பாவம், அவளுக்கு என்ன தெரியும். அவ சர்ச்சுக்கு வரட்டும். அதுக்காக ஒரு பொய் எழுதினா என் கை ஒடிஞ்சா போயிடும்?"

அந்தத் திருத்தத்துக்காகத்தான் நான் ஐந்து வருஷம் காத்திருந்தேன். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும் என்பீர்கள். ஆனால் பொய் என்று சொல்லிவிட்டான். என் மனைவியின் மானத்தை ஒரு பொய்யின்மேல் தூக்கி நிறுத்துவதற்கு நான் சம்மதிக்க முடியாது. மனிதனுக்குக் கொள்கை என்று ஒன்று வேண்டும்.

சமையலறைக்குப் போய்க் கேட்டேன். அடுப்பருகே நின்ற அம்மாள் கரண்டியோடு திரும்பினாள். "பன்றிக் கணுக்கால் போடாம கீரையா? உன்ன யாருப்பா பெத்தது?" நன்றி சொன்னேன்.

திரும்பி வந்து ரான்சத்தின் காதோரம் குனிந்தேன். "வான்கோழிக் கழுத்து போட்டுத்தான் வேகவைக்கிறாங்களாம்."

"நீ நல்லவன்டா," என்றான்.

தட்டு வந்தது. வாசகர்கள் சுற்றி நிற்க, கண்ணை மூடி அரை நிமிஷம் முகர்ந்தான்.

"வான்கோழி," என்றான் எல்லாருக்கும் கேட்கும்படி. "பெக்கான் விறகுல புகை காட்டினது."

யாரோ கைதட்டினார்கள். இந்த மூக்கை நம்பித்தான் ஒரு ஊரே எங்கள் கடையை விட்டுப் போனது என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். மூன்று முறை கீரை வாங்கிச் சாப்பிட்டான்.

மூன்று மணிவாக்கில் நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தோம். அவன் உள்ளங்கையைத் தொடையில் தேய்ப்பதை நான் பின்னாலிருந்து பார்த்தேன். பிறகு தேய்ப்பது நின்றது. தலை கண்ணாடிப் பக்கம் சாய்ந்தது.

"ஜட்ஜய்யா தூங்கறாரா?" என்று பர்விஸ் கேட்டான்.

"ஆமா. தூங்கட்டும், விடு," என்றேன்.

ஏசி வேலை செய்யாததால் ஜன்னல்கள் திறந்திருந்தன. காற்றின் இரைச்சலில் பர்விஸுக்கு அந்த மூச்சுச் சத்தம் கேட்கவில்லை. இருபது நிமிஷம் போல. ஓய்விடம் ஒன்று வந்தபோது வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

நீங்கள் போய் விசாரித்தபோது அந்தச் சமையல்கார அம்மாளுக்கு என் முகம் ஞாபகம் இருந்ததில் ஆச்சரியம் இல்லை. அங்கே யாரும் அப்படி ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். திருத்தம் எழுதப்படாமலே போனதில் எனக்கு வருத்தம் உண்டு. ரான்சம் கொஞ்சம் முன்னாடியே மனம் மாறியிருக்கலாம். ரோவீனாவிடம் என்ன சொல்வது என்று கேட்டீர்கள். எல்லாம் அவளுக்காகத்தான் என்று சொல்லுங்கள்.

எழுதிக்கொள்ளுங்கள். ரான்சம் டீக்கைக் கொன்றது நான். கீரையில் என்ன இருக்கிறது என்று தெரிந்தே வான்கோழி என்றேன். அதை மட்டும் நினைத்தால் கொஞ்சம் உறுத்துகிறது. என் வாழ்நாளில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.