ஐந்தாம் மாடிக்குப் படியில்

படியில் ஏறுவது உடம்புக்கு நல்லது. ஐம்பது தாண்டியவர்களுக்கு அதைவிட மலிவான வைத்தியம் கிடையாது. வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், அடுக்குமாடியின் ஐந்தாம் மாடியில், நானும் மனைவி நேசமும் இருக்கிறோம். செப்டெம்பரிலிருந்து நாங்கள் இருவரும் லிப்டில் ஏறவில்லை. நீங்கள் முதலில் கேட்டது அதைத்தான். அதிலிருந்தே தொடங்குகிறேன். நான் தமிழில் சொல்கிறேன். மொழிபெயர்ப்பவர் சிங்களத்தில் எழுதி முடிக்கும்வரை பொறுக்கிறேன். எனக்கு அவசரம் இல்லை.

என் பெயர் தில்லைநாதன். கொட்டாஞ்சேனையில், லிப்ட் பராமரிக்கும் கம்பனி ஒன்றில் வேலை. ஆனால் ஒரு லிப்டிலும் நான் கை வைத்ததில்லை. என் வேலை கணினியில். கம்பனியிடம் இருக்கும் ஒவ்வொரு கையேடும், ஒவ்வொரு வரைபடமும், ஸ்டோரில் கிடக்கும் ஒவ்வொரு உதிரிப்பாகமும் ஒரு மென்பொருளில் பதிந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு மீளாய்வுத் திகதி உண்டு. திகதி வந்ததும் அது பொறுப்பான இன்ஜினியரின் திரைக்குப் போகும். அவர் திறந்து வாசித்து, இது இன்னும் சரிதானா என்று பார்க்க வேண்டும். சரியென்றால் ‘மாற்றமில்லை’ என்பதை அழுத்துவார். இன்னொரு வருடம் ஓடும். சரியில்லையென்றால் நிறுத்துவார். நிறுத்திய பாகத்தை ஸ்டோர் வெளியே கொடுக்காது. திகதிகளை வைப்பதும் நகர்த்துவதும் என் பொறுப்பு.

எங்கள் இன்ஜினியர் பிரியந்தன். என்னைவிட இருபது வயது இளையவன். கெட்டிக்காரன் என்று சொல்வார்கள். ஒவ்வொரு வருடமும் நல்லூர்த் தேருக்கு யாழ்ப்பாணம் போவான். தேருக்கு முதல் நாள் கோட்டை ஸ்டேசனில் நின்றபடி, திரைக்கு வந்திருக்கும் எல்லாவற்றையும் போனிலேயே ஒன்றாகத் தெரிவுசெய்து, ஒரே அழுத்தில் ‘மாற்றமில்லை’ என்று விடுவான். ஒன்றையும் திறக்க மாட்டான். ஒபிசில் அதற்கு ‘வடம் பிடிக்கிறது’ என்று பெயர். ஒரு இழுவையில் முழுத்தேரும் நகர்ந்துவிடும். எல்லோரும் சிரிப்பார்கள். மனேஜரும் சிரிப்பார்.

நான் சிரித்ததில்லை. நான் வைக்கும் திகதிகளைத்தான் அவன் அப்படி இழுத்துக்கொண்டு போனான்.

ஜூன் மாதக் கூட்டத்தில் அவன் எல்லோருக்கும் முன்னால் சொன்னதை உங்களுக்குச் சொல்ல வேண்டும். “தில்லை அண்ணை செய்யிறது கலண்டர் செய்யிற வேலை. கலண்டருக்கு ஆரும் சம்பளம் குடுக்கிறேல்லை. ஆணியிலை கொழுவி விடுறது.” தேநீர் கொண்டுவந்த றோஸிகூடச் சிரித்தாள். அவளை நான் குறை சொல்லவில்லை. பகிடி நல்ல பகிடி. அடுத்த கிழமை, திகதிகளை மென்பொருளே வைத்துக்கொள்ளலாம், ஜனவரியிலிருந்து அந்த இருக்கை தேவையில்லை என்று அவன் மேலிடத்துக்கு எழுதியதும் தெரியவந்தது.

நான் சண்டை பிடிக்கவில்லை. சண்டை பிடிப்பது என் வழக்கம் இல்லை.

ஜூலையில் தயாரிப்பாளரிடமிருந்து ஓர் அறிவித்தல் வந்தது. குறிப்பிட்ட தொகுதியில் வந்த பிறேக் ஸ்பிரிங்குகள் சீக்கிரம் தளர்ந்துவிடுகின்றன, பொருத்த வேண்டாம் என்று. அந்தத் தொகுதியில் ஒரு பெட்டி எங்கள் ஸ்டோரில் இருந்தது. இப்படியான அறிவித்தல்கள் முதலில் வருவது என்னிடம். அவற்றை இரண்டு விதமாகச் சேர்க்கலாம். ‘உடனடி’ என்று சேர்த்தால் பாகம் அந்த நிமிடமே பூட்டப்படும். ‘அடுத்த மீளாய்வில் பார்க்க’ என்று சேர்த்தால் திகதி வரும்வரை காத்திருக்கும். இரண்டையும் விதி அனுமதிக்கிறது. எது என்பது என் தெரிவு.

நான் இரண்டாவதைத் தெரிவுசெய்தேன். பிறகு ஸ்பிரிங்கின் மீளாய்வுத் திகதியைத் தேருக்கு முதல் நாளுக்கு நகர்த்தினேன். அது தனித்துத் தெரியாமல் இருக்கக் கதவு ரப்பர், விளக்கு மூடி, சுவர்க் கண்ணாடி, இன்னும் யாரும் பார்க்காத பழைய கையேடுகள் எல்லாவற்றையும் அதே நாளில் வைத்தேன்.

அவனுக்கு நான் குழி தோண்டியதாக நீங்கள் எழுதக்கூடாது. அறிவித்தல் உள்ளேதான் இருந்தது. திறந்திருந்தால் முதலில் தெரிவதே அதுதான். வாசிக்கிறவனாக இருந்திருந்தால் நிறுத்தியிருப்பான். அவன் என்ன மனிதன் என்று அவனையே சொல்ல விட்டேன். அவ்வளவுதான்.

தேருக்கு முதல் நாள் பின்னேரம் அவனிடமிருந்து எனக்கு ஒரு குரல் செய்தி வந்தது. பின்னால் ரயில் அறிவிப்புக் கேட்டது. “அண்ணை, வடம் பிடிச்சாச்சு. இனி முருகன் பாடு.” வடிவாகக் கும்பிட்டுக்கொண்டு வரச்சொல்லிப் பதில் போட்டேன்.

செப்டெம்பர் முதல் கிழமை வெளியிலிருந்து கணக்காய்வாளர்கள் வருவதாக இருந்தது. பணத்தை அல்ல, இந்த மீளாய்வுகளைப் பார்ப்பவர்கள். அவர்கள் முன்னால் அந்த அறிவித்தலைத் திறந்து காட்டுவது என் எண்ணம். அவன் போவான். நான் இருப்பேன். ஆனால் அவர்கள் வருகை ஒக்டோபருக்குத் தள்ளிப்போனது. தள்ளிப்போட்டது நான் அல்ல.

அந்த இடைவெளியில் ஸ்டோர் ஸ்பிரிங்குகளைக் கொடுக்கத் தொடங்கியது. எங்கள் கட்டடத்து லிப்டையும் எங்கள் கம்பனிதான் பார்க்கிறது. ஒரு சனிக்கிழமை மெக்கானிக் ஆமிர் சேர்விசுக்கு வந்தான். புதுசு வந்திருக்கிறது, பிறேக் ஸ்பிரிங்கையும் மாற்றிவிடுகிறேன் என்றான். இஞ்சி போட்ட பிளேன்டீ கொடுத்தோம். நல்ல பிள்ளை. கையில் இருந்த கிரீஸைக் கழுவிவிட்டுத்தான் கோப்பையைத் தொட்டான். பக்கத்தில் கிடந்த வெறும் உறையை எடுத்துத் தொகுதி இலக்கத்தைப் பார்த்தேன். குப்பைக் கூடையில் போட்டேன்.

அன்று மாலையே நேசத்திடம், உனக்கு இரத்தத்தில் சீனி கூடுகிறது, இனிமேல் படியில்தான் என்றேன். அவளுக்கு முழங்கால் நோ. கையைப் பிடித்து ஒவ்வொரு மாடியாகக் கூட்டிக்கொண்டு ஏறினேன். பெட்டியில் இருந்த மற்ற ஸ்பிரிங்குகள் எங்கெங்கே போயின என்றும் எனக்குத் தெரியும். இப்போது எல்லாவற்றையும் கழற்றிவிட்டார்கள். கழற்றும்வரை அந்த இடங்களிலும் நான் படியில்தான் ஏறினேன்.

எங்கள் எதிர்வீட்டில் இருந்தவர் கைருன்னிஸா ரீச்சர். தனியாள். பெருநாளைக்கு வட்டிலப்பம் செய்தால் முதல் கோப்பை எங்களுக்குத்தான் வரும். நாங்கள் மூச்சு வாங்கி ஏறுவதைப் பார்த்து ஒருநாள் லிப்ட் வாசலில் நின்று சிரித்தார். “அண்ணன் லிப்ட் கம்பனியில வேல, ஏறுறது மட்டும் படியில. மிட்டாய்க் கடக்காரன் சீனி திங்காத மாதிரி.” நானும் சிரித்தேன். பிறகு நேசத்தின் கையிலிருந்த பைகளை வாங்கிக்கொண்டார். “நீங்க வெறுங்கையோட மெதுவா ஏறி வாங்க அக்கா. இத நான் லிப்ட்ல கொண்டு வாறன்.”

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. சந்தைக்கு இருவரும் சேர்ந்து போவார்கள். திரும்பி வந்ததும் நேசம் படியில் ஏறுவாள். எங்கள் மரக்கறியும் மீனும் ரீச்சரோடு லிப்டில் ஏறும். நான் மறுக்கவில்லை. பைகள் பாரமானவை.

பிறேக் பிடிக்காத லிப்ட் கீழே விழும் என்று பொதுவாக நினைப்பார்கள். ஆள் குறைவான பெட்டி விழாது. கயிற்றின் மறுமுனையில் தொங்கும் எதிர்ப்பாரம் கனம் கூடியது, பெட்டியை மேலே இழுக்கும். கதவு திறந்திருந்தாலும் இழுக்கும். ரீச்சருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை. நான் கொட்டாஞ்சேனையில் ஒபிசில் இருந்தேன். நேசம் நாலாம் மாடிப் படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். ரீச்சர் ஐந்தாம் மாடியில் பைகளை முதலில் வெளியே வைத்திருக்கிறார். பிறகு அவர் இறங்கக் காலை வைத்தபோது பெட்டி மேலே ஏறியிருக்கிறது. நேசம் அங்கே போய்ச் சேர்ந்தபோது பைகள் இரண்டும் சரியாமல் எங்கள் கதவோரம் இருந்தன. மற்றதை அவள் உங்களுக்குச் சொல்லியிருப்பாள். எனக்குச் சொல்லவில்லை.

பின்னேரமே பிரியந்தனைக் கைதுசெய்து கொண்டுபோனீர்கள். திரையில் இருந்தது அவன் பெயர். அதில் பிழை எதுவும் இல்லை. இன்றைக்கும் இல்லை. அவனுடைய மனைவி ஒபிசுக்கு வந்து அழுதாளாம். நான் அந்த நேரம் சாப்பிடப் போயிருந்தேன். கணக்காய்வாளர்கள் அடுத்த திங்கள் வந்தார்கள். லிப்ட் இன்னும் மூன்று நாள் பொறுத்திருந்தால் நாம் இங்கே இப்படி உட்கார்ந்திருக்கத் தேவையில்லை.

நீங்கள் என்னிடம் வந்தது மென்பொருளால் அல்ல. எப்போதிருந்து படியில் ஏறுகிறீர்கள் என்று யாரோ நேசத்திடம் கேட்டிருக்கிறார்கள். ஆமிர் வந்துபோன சனிக்கிழமையிலிருந்து என்று அவள் உள்ளதைச் சொல்லியிருக்கிறாள். அவள் பொய் பேச மாட்டாள்.

மனைவிக்குச் சொன்னதை ரீச்சருக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டீர்கள். யோசித்துப் பாருங்கள். ரீச்சருக்குச் சொன்னால் கட்டடம் முழுக்கத் தெரியும். கட்டடக் குழு கம்பனிக்குப் போன் எடுக்கும். அந்தக் கதை பிரியந்தனிடம் போகும். அவன் வந்து ஸ்பிரிங்கைக் கழற்றுவான். ஆட்களைக் காப்பாற்றியவன் என்று அவனுக்குப் பெயர் வரும். கலண்டர் ஆணியில் தொங்கும். நேசத்திடம்கூட நான் ஸ்பிரிங்கைப் பற்றிச் சொல்லவில்லை. சீனி வருத்தம் என்றுதான் சொன்னேன்.

நேற்று அவள் என்னைப் பார்க்க வந்தாள். உங்கள் ஆள் ஒருவர் கதவோரம் நின்றார், கேட்டுப் பாருங்கள். சாப்பாடு கொண்டு வரவில்லை. கதிரையில் இருந்து கொஞ்ச நேரம் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கலியாணம் கட்டி இவ்வளவு காலத்திலை ஒருநாளும் என்ரை கையைப் பிடிச்சு நடந்ததில்லை நீங்கள். படியிலை பிடிக்கேக்கை நான் என்னவெண்டு நினைச்சன் தெரியுமே.”

தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் எழுந்து போய்விட்டாள்.

ஸ்பிரிங் பழுது என்று எனக்குத் தெரியும். அதைப் போக விட்டதும் நான்தான். அது எங்கள் லிப்டில் இருக்கிறது என்றும், அதில் யார் எங்கள் பைகளோடு ஏறுகிறார் என்றும் தெரியும். இதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

கையைப் பிடித்தது அவள்மேல் இருந்த அக்கறையில்தான். அதையும் எழுதுங்கள்.